இலையின் நுனிப் பக்கம்

என் அண்ணன் மகளுக்குக் காது குத்திய அன்று, திண்டிவனத்தில் ஒரு மண்டபத்தில், பந்தி முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, என் மாமாவின் இலையை நான் திருப்பிப் போட்டேன். வெறும் இலை இல்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த இலை, சோறும் குழம்பும் கறியும் இருந்த இலை. அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு என் வீட்டில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாமா என்றால் என் அக்காவைக் கட்டியவர், எங்கள் வீட்டு மாப்பிள்ளை. குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், சொந்த வண்டி. மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மூட்டை, செங்கல், கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்து வீட்டுக்கு வந்தார். இடது காலும் கையும் முதலில் துவண்டு கிடந்தன, பிறகு மெல்ல மெல்ல எழுந்துகொண்டன. பேச்சு ஒரு சொல்கூடக் குழறவில்லை. நடக்கிறார், பேசுகிறார், கிண்டல் அடிக்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்? அம்மன் காப்பாற்றிவிட்டாள் என்றார்கள். நானும்தான் அப்படி நினைத்தேன். விழுப்புரத்திலிருந்து போனில் விசாரித்தால் அதே பழைய குரல்தான் கேட்டது.

காதுகுத்துப் பந்தியில் மாமாவை நடுவில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை என்பதால் அண்ணனே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து முதலில் அவருக்குப் பரிமாறினான். இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடது கைப் பக்கம் இருக்கும். அந்த நுனிப் பக்கத்தில் வறுவல் வைத்தான், அதையொட்டி முட்டை. மாமா சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து, கறி வரவில்லையே என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி வைத்தான், அதே இடத்தில். கொஞ்ச நேரத்தில் மாமா மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை குரல் மாறியிருந்தது. அண்ணன் குழம்பிப்போய் இன்னும் ஒரு கரண்டி போட்டான். மாமா இலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பந்திக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"வண்டி ஓட்டாத மாப்பிள்ளைக்குக் கொழம்பு போதும்னு வுட்டுட்டீங்களா?"

பக்கத்து இலைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று யாரோ கிசுகிசுத்தார்கள். மாமா அந்தப் பழக்கமே இல்லாதவர். அண்ணன் முகம் கறுத்துவிட்டது. மூன்று கரண்டி வறுவல் வைத்தவனைப் பார்த்து, அத்தனை சொந்தத்துக்கும் முன்னால், வைக்கவே இல்லை என்கிறாரே மனுஷர்! மாப்பிள்ளைக்குக் கறி வைக்காத வீடு என்ற பேர் எங்கள் பக்கத்தில் பேரன் காலம் வரைக்கும் போகாது.

நான் எதிர் வரிசையில் இருந்தேன். அவர் இலையை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். சோறு வகிடு எடுத்த மாதிரி நடுவில் பிரிந்திருந்தது. வலது பாதி வழித்துச் சாப்பிட்ட சுத்தம். இடது பாதியில் ஒரு பருக்கைகூடக் கலையவில்லை. அதற்கு மேலே வறுவல் குவியலாகக் கிடந்தது. இந்த மாதிரி இலையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். என் வேலையே அதுதான்.

யோசிக்கவில்லை. எழுந்து போய்க் குனிந்து இலையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் திருப்பிவிட்டேன். இடப்பக்கம் இருந்தது அவருடைய வலப்பக்கத்துக்கு வந்தது. மாமா கண்ணில் கறி பட்டது. அவர் சந்தோஷப்படவில்லை. அந்தக் குவியலை வெறித்துப் பார்த்தார்.

"இப்ப கொண்டாந்து கொட்டறீங்களா? கேட்டு வாங்கித் திங்கணுமா நானு?"

எழுந்து கை கழுவப் போய்விட்டார். அம்மா என் தோளைப் பிடித்து இழுத்து, இது என்ன கருமாதி வீடா என்று கேட்டாள். நுனி வலப்பக்கம் வருகிற மாதிரி இலை போடுவது எங்கள் ஊரில் சாவு வீட்டில் மட்டும்தான். எனக்கும் அது தெரியும். சாவிலிருந்து மீண்டு வந்த மனுஷருக்கு, குழந்தைக்குக் காது குத்துகிற மண்டபத்தில், சொந்த மச்சினிச்சி சாவு இலை போட்டுவிட்டாள். அக்கா அழுதுகொண்டே செருப்பை மாட்டினாள். வாசல் வரைக்கும் போய் அவளுக்கு விஷயத்தைச் சொல்லப் பார்த்தேன்.

"உன் படிப்ப உன் ஆஸ்பத்திரியோட வச்சிக்கோ" என்றாள். "என் வூட்டுப் பக்கம் வராத."

என் படிப்பு என்னவென்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆக்குபேஷனல் தெரபி என்றால், ஆக்குபேஷன் என்றால் வேலைதானே, என் பையனுக்கு ஒரு வேலை போட்டுக் கொடேன் என்று கேட்ட பெரியம்மா இருக்கிறாள். பிசியோவா என்பார்கள். இல்லை என்றால், அப்போ நர்ஸா என்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். டாக்டர் நோய் என்ன என்று பார்ப்பார். பிசியோதெரபிஸ்ட் கை எவ்வளவு தூக்குகிறது, கால் எவ்வளவு ஊன்றுகிறது என்று பார்ப்பார். நான், காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்பேன். பல் விளக்குவது, புடவை கட்டுவது, கோலம் போடுவது, சாப்பிடுவது, கடைக்குப் போவது, வண்டி ஓட்டுவது. ஒரு மனுஷர் ஒரு நாள் முழுக்கச் செய்கிறாரே, அது எல்லாமே என் பாடத்தில் ஆக்குபேஷன்தான். அதில் எது நின்றுபோயிற்று, ஏன் நின்றது, எந்த வழியில் திரும்பக் கொண்டுவரலாம், திரும்பவே வராது என்றால் அதற்குப் பதிலாக எது. இதைத்தான் விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மறுவாழ்வுப் பிரிவில் தினமும் செய்துகொண்டிருக்கிறேன். எக்ஸ்ரேயில் தெரியாதது சட்டைப் பொத்தானில் தெரியும். ஸ்கேனில் படிக்க முடியாததைச் சாப்பாட்டு இலையில் படிக்கலாம்.

மாமாவின் இலையில் நான் படித்தது இது. மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் சிலருக்கு இடப்பக்கம் என்ற ஒன்றே காணாமல் போய்விடும். பாடத்தில் நெக்லெக்ட் என்பார்கள். கண்ணில் ஒரு கோளாறும் இருக்காது. கண் டாக்டரிடம் காட்டினால் பார்வை சரியாக இருக்கிறது என்பார், அது உண்மையும்கூட. கண் பார்க்கும், மனசு அதை எடுத்துக்கொள்ளாது. முகத்தில் ஒரு பாதி சவரம் செய்துவிட்டு முடிந்தது என்பார்கள். சட்டையில் ஒரு கை மட்டும் நுழைந்திருக்கும். இதில் பயங்கரம் எது தெரியுமா? அவர்களுக்கு எதையோ விட்டுவிட்டோம் என்றே தோன்றாது. இல்லாத ஒன்றை எவராவது தேடுவாரா?

அந்த மனுஷர் திரும்ப வண்டி எடுக்கப் போகிறார் என்று அம்மா வாயிலிருந்து வந்தது, காதுகுத்துக்கு நாலைந்து நாள் கழித்து, என்னைத் திட்டுவதற்காக அவள் போன் பண்ணியபோது. வருகிற பௌர்ணமிக்குத் திருவக்கரைக்கு ஆள் ஏற்றுகிறாராம். மாதா மாதம் தெருப் பெண்களையும் பிள்ளைகளையும் குட்டியானையில் ஏற்றி வக்கிரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போவது மாமாவின் வழக்கம். அதற்குக் கூலி வாங்க மாட்டார். உடம்பு தேறியதும் முதல் ஓட்டம் அம்மனுக்குத்தான் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாராம். உன் வாயை வைத்துக் கெடுத்துவிடாதே என்று அம்மா போனை வைத்தாள்.

நம் ஊர் ரோட்டில் வண்டிக்கு இடப்பக்கம் யார் போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நடக்கிறவர்கள், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், ஆடு மேய்ப்பவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிற கிழவிகள். எல்லாரும் இடது ஓரத்தில்தான். அந்த ஓரமே இல்லாத ஒருவர், பின்னால் தெருவையே ஏற்றிக்கொண்டு, மயிலம் வழியாகத் திருவக்கரைக்குப் போகப் போகிறார். அதுவும் பௌர்ணமிக் கூட்டத்தில்.

வராதே என்று சொன்ன வீட்டுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். என்னைக் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்ததே மாமாவின் வண்டிதான். சென்னைக்குப் பெண்ணை அனுப்புவதா என்று வீட்டில் ஆளாளுக்கு முறைத்துக்கொண்டிருந்தபோது, என் பெட்டியைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு, ஏறு பாப்பா என்றவர் அவர். அவரிடம் ரோஷம் பார்க்க என்னால் ஆகாது. ஆனால் கோபம் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு ஒரு தடவை என்னிடம் கூட்டி வந்திருக்கக் கூடாதா? வீட்டுப் பெண் படித்தது மட்டும் படிப்பில் சேர்த்தி இல்லை, என்ன செய்வது.

அக்கா என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மாமா கட்டிலில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். மல்லாட்டை உடைத்து முறத்தில் கொட்டி வைத்திருந்தார்கள். விதைக்கு ஆகாத சொத்தைப் பருப்பைப் பொறுக்கிக் கொடுங்கள் மாமா என்று முறத்தைப் பரப்பி அவர் மடிக்கு நேராக வைத்தேன். அவர் இந்த வேலையில் கெட்டிக்காரர். விரல் விறுவிறுவென்று ஓடியது. சீக்கிரமே முறத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, முடிந்தது என்றார். வலது பாதியில் ஒரு சொத்தை இல்லை. இடது பாதியில் கறுத்ததும் சுருங்கியதும் கண்ணை உறுத்துகிற மாதிரி அப்படியே கிடந்தன. அவருடைய இடது கை தொடைமேல், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளாகக் கிடந்தது.

"இன்னும் இருக்குது மாமா" என்றேன்.

"எங்க இருக்குது? நல்லாப் பாரு."

நான் முறத்தைத் திருப்பினேன். அவர் முகம் மாறியது. இது இங்கே இல்லை, நீதான் எங்கிருந்தோ கொண்டுவந்து கலந்தாய் என்றார். மண்டபத்திலும் இதே வேலைதான் பண்ணினாய், என்னைப் பைத்தியக்காரன் ஆக்கப் பார்க்கிறாய் என்றார். அவர் என்னிடம் இப்படிக் குரலை உயர்த்தியதே கிடையாது. நடந்ததை அக்கா அடுப்படி நிலையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவருக்கு மனசு இங்கே இல்லை, எப்போதும் வண்டி ஞாபகம்தான் என்றாள். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பொறுமையாகச் சொன்னேன். கண் டாக்டர் சரி என்றுவிட்டார், பெரிய டாக்டர் நடக்கலாம் போகலாம் என்றுவிட்டார், நீ யார் என்று கேட்டாள். பெரிய டாக்டரிடம் வண்டி ஓட்டலாமா என்று கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் என் சீனியர் மேடத்திடம் போய்க் கொட்டினேன். அவர் இந்தத் தொழிலில் தலை நரைத்தவர், வார்த்தையை வளர்க்க மாட்டார். சாவியை ஒளித்து வைக்கப்போகிறேன் என்றேன். அது உன் வேலை இல்லை என்றார். போலீஸில் சொல்கிறேன் என்றேன். வேறு வழியே இல்லை என்றால் சொல்லத்தான் வேண்டும், தெருவில் போகிறவர்கள் உயிரும் உன் பொறுப்பு, ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது என்றார். முதலில் நீ அவருக்கு மச்சினிச்சியா தெரபிஸ்டா என்று முடிவு பண்ணு, இரண்டாகவும் இருந்தால் இரண்டும் உருப்படாது, இங்கே கூட்டி வந்து வேறு தெரபிஸ்ட் கையில் ஒப்படை என்றார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"அந்த வண்டி அவருக்கு என்னம்மா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போகிறது, இவர் முதல் வருடப் பாடத்தைக் கேட்கிறாரே என்றிருந்தது. வேலை என்றேன், சோறு என்றேன். திருவக்கரைக்குக் கூலி வாங்க மாட்டார் என்று நீதானே சொன்னாய் என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

பௌர்ணமி அன்று மத்தியானம் வரைக்கும் வேலை பார்த்துவிட்டு பஸ் ஏறினேன். நாலு மணிக்கு வண்டி கிளம்புவதாக அம்மா சொல்லியிருந்தாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பஸ் நகர்வேனா என்றது. அக்காவுக்குப் போன் பண்ணினேன், எடுக்கவில்லை. மாமாவுக்குப் பண்ணினேன்.

"அக்காக்கு வேலை இருக்குது, பேஜாரு பண்ணாத பாப்பா" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நீயும் வர்றதுன்னா ஜல்தியா வா, போய்ட்டு வந்துடலாம்."

வருகிறேன் மாமா, நான் வருகிற வரைக்கும் எடுக்காதீர்கள் என்றேன். டிரைவரிடம் போய், அண்ணா கொஞ்சம் சீக்கிரம் என்றேன். பறக்கவா சொல்கிறாய் என்றார். திண்டிவனத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துத் அக்கா வீட்டுத் தெருமுனைக்குப் போனேன்.

வண்டி கிளம்பத் தயாராக நின்றது. பின்னால் பெண்கள், மடியில் பிள்ளைகள், எலுமிச்சை மாலை, பூக்கூடை. வண்டியின் முகப்பைப் பார்த்தேன். கழுவித் துடைத்து, மாமாவே தன் கையால் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். முன்னால் நின்றுகொண்டு வைத்திருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது. எதிரே நின்றால் வலது கைப் பக்கம் வருகிற விளக்குக்குப் பொட்டு, கண்ணாடியில் அந்தப் பாதி முழுக்கப் பொட்டு, அந்தப் பக்கம் மட்டும் பூ. மறு பாதி மொட்டையாக இருந்தது. முகத்தில் ஒரு பாதிக்கு மட்டும் பவுடர் பூசின மாதிரி வண்டி நின்றது. தெருவே அதைப் பார்த்திருக்கிறது. பூ பத்தவில்லை போல என்று விட்டிருக்கிறார்கள்.

எல்லாரும் இறங்குங்கள் என்றேன். ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, நல்ல காரியத்துக்குப் போகும்போது குறுக்கே நிற்காதே என்றாள். இலையைத் திருப்பிப் போட்ட கதை தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. ஒருவரும் அசையவில்லை. மாமா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிவிட்டார். நான் ஓடிப்போய் அவர் பக்கத்துக் கதவருகில் நின்று, ஜன்னல் வழியே கையை விட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கையைப் பார்த்துச் சிரித்தார். ஏறிக்கோ பாப்பா, அக்கா பக்கத்தில் உட்கார் என்றார். பிறகு நேராக முன்னால் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டார்.

"எங்க அவ? கற்பூரம் கொளுத்தறேன்னுட்டுப் போனவ, இன்னும் வரல பாரு."

அக்கா வண்டிக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். அவருக்கு இடப்பக்கம் வருகிற விளக்குக்கு நேராக, கையை நீட்டினால் கண்ணாடியைத் தொடுகிற தூரத்தில், தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருக்க. சிவப்புப் புடவை கட்டியிருந்தாள். மறைப்பதற்கு நடுவில் ஒன்றும் இல்லை.

இதோ நிற்கிறாளே என்று கத்த வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். சொல்லிவிட்டால் இதையும் நான் செய்த வித்தை என்பார். நீங்களே தேடுங்கள் மாமா என்றேன், முடிந்த அளவுக்குச் சாதாரணமாக. அவர் என்னைத் தாண்டி வலப்பக்கம் தெருவைப் பார்த்தார், வீட்டு வாசலைப் பார்த்தார். அவர் கேட்டது அக்கா காதிலும் விழுந்திருந்தது. விளையாடுகிறார் என்று நினைத்தாளோ என்னவோ, முகத்தில் ஒரு சிரிப்பு வந்து நின்றது.

"இங்கதான் நின்னுக்கினு இருக்கேன்" என்றாள்.

மாமா அந்தக் குரலைக் கேட்டு, இன்னும் வலப்பக்கமாகத் திரும்பினார். என் தோளுக்குப் பின்னால் தேடினார். இடப்பக்கமிருந்து வருகிற குரலை வலப்பக்கத்தில் தேடுவார்கள் என்று நான் படித்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில் பார்த்தும் இருக்கிறேன். ஆனால் எங்கள் அக்கா கூப்பிட்டு எங்கள் மாமா தேடினதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"இங்கங்க. முன்னாடி பாருங்க."

அவர் முன்னால்தான் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. அக்காவின் சிரிப்பு போய்விட்டது. வண்டி உறுமிக்கொண்டே இருந்தது, அவள் நகரவில்லை. என்னைத் திட்டினவள் தன் பிள்ளையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். மாமா மூன்றாவது தடவையும் வலப்பக்கம் திரும்பினார். இந்தத் தடவை அவர் கண்ணில் பயம் இருந்தது.

"எங்க இருக்கற நீ?" என்றார். மனைவியைத் தொலைத்துவிட்டவர் கேட்கிற மாதிரி கேட்டார்.

அக்கா தட்டோடு நடந்தாள். இடது விளக்கைத் தாண்டி, வண்டி முகப்பின் நடுவுக்கு வந்தபோது மாமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெறுமையிலிருந்து ஒரு பொம்பளை வந்து நின்றுவிட்டாள் என்பதுபோல அவளைப் பார்த்தார்.

"எங்கேர்ந்து வந்த?"

"எங்கேர்ந்தும் வரல. அங்கதான் நின்னேன்" என்றாள் அக்கா. "நீங்க எடுத்திருந்தா என் மேலதான் ஏத்தியிருப்பீங்க."

அவரே வண்டியை அணைத்தார். சாவியை உருவி என் பக்கம் நீட்டவில்லை, அவளிடம்தான் கொடுத்தார். பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக இறங்கினார்கள். கூடைகளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்கள். மாமா சீட்டைவிட்டு இறங்கவே இல்லை. வண்டி அவருக்கு என்ன என்று சீனியர் கேட்டதற்கு, அந்தப் பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு போவதை அவர் பார்த்த பார்வையில் எனக்குப் பதில் கிடைத்தது, இத்தனை பேர் நம்பி ஏறுகிற ஆள் அவர் என்பதுதான் அந்த வண்டி. ஜெயித்துவிட்டதாக ஒரு துளிகூடத் தோன்றவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அக்கா அவரை விழுப்புரத்துக்குக் கூட்டி வந்தாள். நான் தொடவில்லை, என்னோடு வேலை பார்க்கிற இன்னொரு தெரபிஸ்ட்தான் பார்த்தார். நான் அந்த அறைக்கு வெளியே மச்சினிச்சியாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதைச் செய்தாலும் முதலில் இடது ஓரத்தைத் தொட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டும் என்று அந்தத் தெரபிஸ்ட் பழக்கினார். புத்தகம் என்றால் இடது விளிம்பு, கதவு என்றால் இடது நிலை, இலை என்றால் நுனி. மாமாவுக்கு எரிச்சல் வரும், சின்னப் பிள்ளை விளையாட்டு என்பார், எழுந்து வந்துவிடுவார், மறுபடி உள்ளே போவார். வண்டிக்கு ஒரு டிரைவரை வைத்தார்கள். மாமா பக்கத்து சீட்டில், அதாவது இடது சீட்டில். அங்கிருந்து பார்த்தால் ரோடு முழுக்க அவருடைய வலப்பக்கம். எந்தத் தெருவில் லோடு, எந்தக் குறுக்கு வழி என்று டிரைவரின் உயிரை வாங்குகிறார். பௌர்ணமிக்கு அதே பெண்களை மாமாதான் கூட்டிப் போகிறார், ஸ்டீயரிங் மட்டும் வேறு கையில். திரும்ப ஓட்டுவாரா என்று அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தெரியாது என்றுதான் சொல்கிறேன். பொய்யாகத் தைரியம் சொல்ல எனக்கு வராது.

கொஞ்ச காலம் கழித்து அண்ணன் மாப்பிள்ளையை விருந்துக்குக் கூப்பிட்டான். மண்டபத்தில் விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று அவனுக்கு. வீட்டு ஆட்கள் மட்டும்தான். இலை போட்டார்கள், நுனி இடப்பக்கம். அதே இடத்தில் வறுவல், முட்டை. மாமா சாப்பிட ஆரம்பித்தார். நாங்கள் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். நுனியைத் தொட மறந்துவிட்டார். வலது பாதி சோறு குறைந்துகொண்டே வந்தது, வகிடு தெரிய ஆரம்பித்தது. அண்ணன் கையில் வாளியோடு உறைந்து நின்றான். அம்மா பொறுக்க மாட்டாமல் குனிந்து இலையின் ஓரத்தைப் பிடித்தாள். கருமாதி வீடா என்று கேட்டாளே, அதே அம்மா.

"திருப்பாத" என்றேன். "அவரே தேடட்டும்."

"அன்னிக்கு நீதான்டி திருப்பின" என்றாள், கோபமும் அழுகையுமாக.

மாமா நிமிர்ந்து எங்கள் முகங்களைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. வலது கை விரலை இலையின் விளிம்பில் வைத்து, மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். இலையின் பாதி தாண்டினதும் விரல் தயங்கியது. அதற்கு மேல் அவருக்கு இலை கிடையாது. கழுத்தை வலிந்து திருப்பினார், நெற்றியில் வேர்த்தது. விரல் நுனியைத் தொட்டது. கறியைப் பார்த்தார். அண்ணன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"மண்டபத்திலயும் இப்படித்தான் வச்சிருந்தியா மச்சான்?" என்று மாமா கேட்டார்.

அண்ணன் தலையை மட்டும் ஆட்டினான். மாமா ஒரு துண்டை எடுத்து வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் என்னென்ன இருக்குதோ எனக்குத் தெரியாம" என்றார்.

அக்கா தன் இலையை எடுத்துக்கொண்டு போய் அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை, தொடவில்லை. அவர் வறுவலைச் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்து அவர் விரல் மறுபடி இலை விளிம்பில் ஊர்ந்து நுனியைத் தொட்டது, அதைத் தாண்டித் தரையைத் தொட்டது, அவள் புடவை ஓரத்தைத் தொட்டது. கழுத்து திரும்பியது.

"எப்ப வந்த?" என்றார்.

"இப்பத்தான்" என்றாள் அக்கா.

தெரபிஸ்ட் என்றால் நான் அக்கா சொன்னதைத் திருத்தியிருக்க வேண்டும். நான் குனிந்து என் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.